கல்லீரலில் ஒரு கள்ள முத்திரை

கல்லீரலைக் குறிக்கும் அரபுச் சொல் ‘கபித்’ என்பதாகும். உறுப்பின் பெயர் என்ற அளவில் அச்சொல் நின்றுவிடவில்லை. நடுவானை ‘வானத்தின் கபித்’ என்றும், வில்லைப் பற்றும் நடுப்பிடியை ‘வில்லின் கபித்’ என்றும் அரபியர் வழங்கினர். உயிருள்ள பிராணியை ஈரமான ஈரலுடையது என்று சுட்டும் மரபும் அம்மொழியில் உண்டு. (தமிழில் ஈரலும் ஈரமும் இவ்வளவு நெருங்கி ஒலிப்பது ஏன் என்பதைச் சொல்லாராய்ச்சி வல்லுநர்கள்தாம் விளக்க வேண்டும்.) ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ள இவ்வுறுப்பு உணவின் சத்தைப் பக்குவப்படுத்துகிறது, நஞ்சை முறிக்கிறது, பித்தநீரைச் சுரக்கிறது, இரத்தம் உறைவதற்கான புரதங்களை ஆக்கித் தருகிறது. உடலின் நடுவிலிருந்து உடலைத் தாங்குவது என்ற பொருளில் ‘கபித்’ என்னும் பெயர் அதற்கு முற்றிலும் பொருந்துகிறது.

இவ்வுறுப்பு நோயுறும்போது கண்ணும் தோலும் மஞ்சளாவதை இப்னு ஸீனா தமது ‘அல்கானூன்’ நூலில் ‘யரகான்’ என்னும் பெயரால் ஆராய்ந்துள்ளார். மஞ்சள் யரகான், கறுப்பு யரகான் என அதை இருவகைப்படுத்தியும் உள்ளார். நான்கு மொழிகள் ஒரே கடைத்தெருவில் புழங்கும் எங்கள் ஓசூர், கிருஷ்ணகிரி எல்லைப் பகுதியில் அந்த அரபுப் பெயர் இன்றும் உயிரோடிருக்கிறது. தமிழர் காமாலை என்பதை, தெலுங்கர் பச்ச காமெர்லு என்பர். கன்னடர் காமாலெ என்பர். உருது பேசும் நம் மக்கள் யர்கான் என்பர். மருந்திலும் இந்நால்வரும் ஒன்றுபடுகின்றனர். தமிழரின் கீழாநெல்லியே தெலுங்கரின் நேல உசிரி, கன்னடரின் நெலநெல்லி, உருதுவின் புயி ஆம்லா. எல்லைச் சாவடிக்கு இப்பாலும் அப்பாலும் காமாலை கண்டவர் முதலில் தேடுவது அச்சிறு செடியைத்தான்.

இந்த ஒற்றுமையில் ஒரு பிழையும் கலந்திருக்கிறது. மஞ்சள் நிறமே நோய், அது நீங்கினால் நோயும் நீங்கிற்று என்னும் எண்ணமே அப்பிழை. மஞ்சள் நிறம் ஓர் அறிகுறி மட்டுமே. கண் வெளுத்த பின்னரும், ஏன், கண் ஒருநாளும் மஞ்சளாகாமலேயே, முப்பது நாற்பது ஆண்டுகள் கல்லீரலில் தங்கியிருக்கக் கூடிய வைரஸ் ஒன்று உண்டு. அது அங்ஙனம் தங்குவது எவ்வாறு என்பதை அறிவியலார் அண்மைக் காலத்தில்தான் தெளிவாகக் கண்டறிந்தனர். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்லீரல் அழற்சியை உண்டாக்கும் ஹெப்படைடிஸ் வைரஸ்கள் ஏ, பி, சி, டி, இ என ஐந்து. இவற்றுள் ஏ, இ ஆகியவை மாசுபட்ட நீராலும் உணவாலும் பரவுவன. 1955-56இல் தில்லி மாநகரில் ஏறத்தாழ 29,000 பேரைப் பீடித்த காமாலை, குடிநீரில் சாக்கடை நீர் கலந்ததால் வந்தது. அது இ வகையைச் சேர்ந்தது என்பது பின்னாளில் தெரிய வந்தது. இவ்விரு வகைகளையும் பெரும்பாலோர் உடல் சில வாரங்களில் தானே வென்றுவிடுகிறது. கருவுற்ற பெண்களுக்கு இ வகை பேராபத்து விளைவிக்கும் என்பது மட்டும் மறக்கத்தகாதது. கீழாநெல்லி அருந்தித் தேறியவர் எனப் போற்றப்படுவோருள் மிகப் பலர் இவ்விருவகைக் காமாலை கண்டு, தம் உடலின் எதிர்ப்பாற்றலால் தேறியவரே எனல் தவறாகாது.

பி வகையின் தன்மை வேறு. அது இரத்தத்தாலும் உடல் திரவங்களாலும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து சேய்க்கும் பரவுகிறது. வளர்ந்தவரைத் தொற்றினால் நூற்றில் 5 பேருக்கும் குறைவானவரிடமே நிலைத்துத் தங்கும். பிறக்கும் வேளையில் குழந்தையைத் தொற்றினாலோ, நூற்றில் 90 குழந்தைகளிடம் நிலைபெற்றுவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2022ஆம் ஆண்டில் உலகில் 25.4 கோடிப் பேரிடம் இவ்வைரஸ் நிலைத்திருந்தது. அவர்களுள் 2.98 கோடிப் பேர் இந்தியர். தம்மிடம் அது இருப்பதை இவர்களுள் மிகப் பெரும்பாலோர் அறியார்.

சென்னையும் பிலடெல்பியாவும்

இவ்வைரஸின் அடையாளத்தை முதலில் கண்டவர் அமெரிக்க மருத்துவ அறிஞர் பரூக் புளும்பெர்க். 1960களில் ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் இரத்த மாதிரியில் அவர் கண்ட புரதம் ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜன்’ எனப் பெயர் பெற்றது. அது ஹெப்படைடிஸ்-பி வைரஸின் மேலுறைப் புரதமே எனத் தெளிவானது. இதற்காக 1976இல் அவர் நோபல் பரிசு பெற்றார். அவர் பிறந்த ஜூலை 28ஆம் நாளே இன்று உலக ஹெப்படைடிஸ் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

அவருக்கும் நம் கீழாநெல்லிக்கும் ஒரு தொடர்பு உண்டு என்பது பலர் அறியாத செய்தி. 1987இல் புளும்பெர்க், மில்மன் ஆகியோருடன் வெங்கடேஸ்வரன் என்ற ஆய்வாளர் இச்செடியினத்தின் சாற்றை ஆய்வுக்கூடத்தில் சோதித்து, அது வைரஸைத் தடுப்பதாக அறிவித்தார். அடுத்த ஆண்டு, சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் (பின்னாளில் அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர்) தலைமையிலான குழு, புளும்பெர்க்கும் இணைந்த ஆய்வு ஒன்றை லண்டனின் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்டது. வைரஸ் தங்கியிருந்தவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடி வேளைக்கு 200 மில்லிகிராம் வீதம் நாளும் மும்முறை முப்பது நாள்கள் அளிக்கப்பட்டது. மருந்துண்ட 37 பேருள் 22 பேரின் இரத்தத்தில் மேலுறைப் புரதம் மறைந்தது. வெறும் பொடியுண்ட 23 பேருள் ஒருவருக்கே அது மறைந்தது.

தமிழ் மருத்துவ மரபுக்கு உலக அரங்கில் கிடைத்த பெருமை அது. ஆயினும் அறிவியலில் ஒரு முடிவு நிலைபெற, பிறரும் பிற இடங்களில் அதைச் செய்து காண வேண்டும். தாய்லாந்திலும் நியூஸிலாந்திலும் நிகழ்ந்த ஆய்வுகளில் அப்பயன் காணப்படவில்லை. இவ்வகை ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் ஆய்வறிக்கை 2011இல், வெறும் மாத்திரையைவிட இச்செடி மேலானது என்பதற்குத் தக்க சான்றில்லை என முடித்தது. நபிமொழிகளைத் தரம்பிரித்த முஹத்திஸ்கள், ஓர் அறிவிப்பு வேறு வழிகளிலும் வந்துள்ளதா என்று தேடிய பின்னரே அதை உறுதிப்படுத்தினர். அவ்வழிமுறை பயின்ற நமக்கு இதில் வியப்பொன்றும் இருத்தலாகாது. சென்னை ஆய்வு பொய்யன்று. ஆனால் அது துணைச்சான்று கிட்டாத தனி அறிவிப்பாக நின்றுவிட்டது.

அம்முயற்சி வீணாகவும் இல்லை. தியாகராஜனும் பங்குபெற்று 1997இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கீழாநெல்லிச் சாறு ஆய்வுக்கூடத்துக் கல்லீரல் செல்களில் வைரஸ் மரபணுவின் படியெடுப்பைத் தாழ்த்துவதைக் காட்டியது. வைரஸின் வாழ்வும் சாவும் அந்தப் படியெடுப்பில்தான் அடங்கியுள்ளன என்ற உண்மைக்கு அருகில் அவர்கள் வந்திருந்தனர். அப்படியெடுப்பைக் காக்கும் கருவியாக வைரஸ் வைத்திருப்பது எது என்பதை அடுத்து நோக்குவோம்.

அறியப்படாத எழுத்து

ஹெப்படைடிஸ்-பி வைரஸின் மரபுச் செய்தி முழுவதும் ஏறத்தாழ 3,200 எழுத்துகளே. மனிதனின் மரபுச் செய்தியோ 300 கோடி எழுத்துகள். 1979இல் பாரிஸ் நகர ஆய்வாளர்கள் அவ்வைரஸின் மரபுச் செய்தியைப் படித்தறிந்தபோது, அதில் நான்கு மரபணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து எழுதப்பட்டிருக்கக் கண்டனர். ஒன்று மேலுறைக்கு, ஒன்று உட்கூட்டுக்கு, ஒன்று மரபுப்பொருளை ஆக்கும் நொதிக்கு. நான்காவதன் பயன் விளங்கவில்லை. ஆகவே அதற்கு ‘எக்ஸ்’ என்று பெயரிட்டனர்.

(அறியாத எண்ணை அல்குவாரிஸ்மி ‘ஷைஉ’, அதாவது ‘ஒரு பொருள்’, என்றழைத்தார். இயற்கணிதத்தின் எக்ஸ் அச்சொல்லிலிருந்தே பிறந்தது என மேடைகளில் சொல்லக் கேட்கிறோம். கேட்க இனிமையாயினும் அதற்கு உறுதியான சான்றில்லை. நம் முன்னோரின் பெருமைக்கு இத்தகைய முட்டுக்கொடுப்புகள் தேவையுமில்லை.)

எக்ஸ் மரபணு ஆக்கும் புரதம் 154 அமினோ அமிலங்களால் ஆன மிகச் சிறிய புரதம். வைரஸின் உடலமைப்பில் அதற்கு இடமில்லை. மேலுறையிலும் இல்லை, உட்கூட்டிலும் இல்லை. ஆயினும் அதை நீக்கிவிட்டால் தொற்று நிலைப்பதில்லை. இதேயினத்து வைரஸ் ஒன்று தாக்கும் வுட்சக் என்னும் அமெரிக்கக் கொறிணியில் 1990களின் தொடக்கத்தில் இது மெய்ப்பிக்கப்பட்டது.

அதன் பணியை உணர, வைரஸ் செல்லுக்குள் நுழையும் வழியைக் காண வேண்டும். பித்த உப்புகளை இரத்தத்திலிருந்து உள்ளிழுப்பதற்காகக் கல்லீரல் செல் தன் புறச்சுவரில் ஒரு வாயிலை வைத்திருக்கிறது. வைரஸ் அவ்வாயிலைப் பற்றிக்கொண்டே உள்ளே புகுகிறது. இவ்வாயில் எதுவென்பதைப் பெய்ஜிங் நகரில் வென்ஹுய் லீ என்பாரின் குழு 2012இல் கண்டறிந்தது. புகுந்த வைரஸின் மரபுப்பொருள் முழுமை பெறாத, இழைகளில் இடைவெளியுள்ள ஒரு வட்டம். அது செல்லின் உட்கருவை அடைந்ததும், தன் சொந்த டி.என்.ஏ.வின் சிதைவுகளைச் செப்பனிடுவதற்காகச் செல் வைத்திருக்கும் நொதிகள் அவ்விடைவெளிகளையும் அடைத்து, அதை மூடிய வட்டமாக்கிவிடுகின்றன. செல்லின் ஹிஸ்டோன் புரதங்கள் அதைச் சுற்றிக்கொள்ள, அது ஒரு குட்டிக் குரோமோசோம் போலாகிறது. அதிலிருந்து படியெடுப்பதும் செல்லின் நொதியே. அப்படிகளைக் கொண்டு புரதம் ஆக்குவதும் செல்லின் ரைபோசோம்களே. வீட்டுக்காரனின் அடுப்பு, வீட்டுக்காரனின் விறகு, வீட்டுக்காரனின் அரிசி; உண்பவன் மட்டும் வேறொருவன்!

ஆனால் செல் முற்றிலும் ஏமாளியன்று. அதன் உட்கருவில் ‘எஸ்எம்சி 5/6’ எனப்படும் ஒரு புரதக் கூட்டு உண்டு. டி.என்.ஏ.வை வளையமெனத் தழுவி, குரோமோசோம்களைப் பிழையின்றிக் காப்பது அதன் பணி. குரோமோசோமோடு சேராமல் தனித்துத் திரியும் வட்ட டி.என்.ஏ. ஒன்றைக் கண்டால் அதைப் பற்றிக்கொண்டு, அதிலிருந்து ஒரு படியும் எடுக்கவொட்டாமல் வாய்பொத்திவிடுகிறது. வைரஸின் வட்டமும் இக்காவலனிடம் சிக்கினால் ஊமையாகவே கிடக்கும்.

இங்குதான் எக்ஸ் புரதம் தன் வேலையைக் காட்டுகிறது. அக்காவலனை அது நேர்நின்று எதிர்ப்பதில்லை. செல்லின் துப்புரவு ஒழுங்கையே தன்வயப்படுத்தி, அதன் கையாலேயே காவலனை அகற்றுகிறது.

செல்லுக்குள் பழுதான, காலங்கடந்த புரதங்களை அழிக்க ஓர் ஒழுங்கு உண்டு. அழிக்க வேண்டிய புரதத்தின்மீது ‘யுபிகுவிட்டின்’ என்னும் 76 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதம் முத்திரையாகக் கோக்கப்படும். முத்திரை பெற்றதைப் ‘புரோட்டியசோம்’ என்னும் அரைவை இயந்திரம் துண்டுதுண்டாக்கிவிடும். இதைக் கண்டறிந்த சீக்கனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் மூவரும் 2004இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர். எங்கள் சிப்காட் தொழிற்சாலைகளில் பணிபுரிவோர்க்கு இது எளிதில் விளங்கும். குறையுள்ள உதிரிப்பாகத்தின்மீது தரச்சோதகர் சிவப்பு அட்டை கட்டுவார். அட்டை கட்டியதை எவரும் மறுகேள்வி கேட்பதில்லை. அது நேரே கழிவுக் கிடங்குக்குப் போகும்.

செல்லில் முத்திரையிடும் பொறிகள் பல. அவற்றுள் ஒன்றின் அடித்தளம் ‘டிடிபி-1’ என்னும் புரதம். எதன்மீது முத்திரையிட வேண்டும் என்பதை டிடிபி-1 தானாக முடிவு செய்வதில்லை. அதன் ஒரு பொருத்துவாயில் வெவ்வேறு இடைத்தரகுப் புரதங்கள் வந்தமர்கின்றன. அமர்ந்த தரகர் எதைப் பிடித்து வருகிறாரோ அதன்மீது முத்திரை விழுகிறது. எக்ஸ் புரதம் டிடிபி-1உடன் இணைவது 1995இலேயே தெரிந்திருந்தது. 2010இல் அமெரிக்காவின் சியாட்டில் நகர ஆய்வாளர்கள் அவ்விணைப்பின் வடிவத்தைப் படம்பிடித்தனர். செல்லின் தரகர்கள் அமரும் அதே இடத்தில், அவர்களைப் போன்றே ஒரு குட்டைச் சுருளை நீட்டிக்கொண்டு, எக்ஸ் புரதம் அமர்ந்திருந்தது. அதிகாரியின் நாற்காலியில் ஒரு போலி ஊழியன்!

அப்போலி ஊழியன் பிடித்து வருவது யாரை? இக்கேள்விக்கு விடை கிடைக்க மேலும் ஆறு ஆண்டுகளாயின. ஜெனீவாவில் மிஷேல் ஸ்ட்ரூபனின் குழு 2016இல் ‘நேச்சர்’ இதழில் விடையை வெளியிட்டது. பிடித்து வரப்படுவது எஸ்எம்சி 5/6 காவலனே. எக்ஸ் புரதம் நுழைந்த செல்களில் காவலன் முத்திரையிடப்பட்டு அழிகிறான். வைரஸ் வட்டம் வாய்திறக்கிறது. எக்ஸ் இல்லாத வைரஸ் புகுந்த செல்லில் காவலனை ஆய்வாளர்களே அகற்றிப் பார்த்தனர். அப்போதும் வட்டம் வாய்திறந்தது. எக்ஸ் புரதத்தின் தலையாய பணி இதுவே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பழைய புதிர் ஒன்றும் இதனால் அவிழ்ந்தது. எக்ஸ் புரதம் மரபணுக்களை முடுக்கிவிடும் தூண்டுகோல் என்றே ஆய்வாளர் நெடுங்காலம் எழுதி வந்தனர். ஆனால் அது எந்த மரபணுவையும் வேறுபாடின்றி முடுக்குவதாகத் தோன்றியது. அதுவும் அம்மரபணு தனி வட்டத்தில் இருந்தால் மட்டும். அதே மரபணுவைக் குரோமோசோமில் பதித்துவிட்டால் முடுக்கம் காணோம். ஒரு தூண்டுகோல் இப்படி நடந்துகொள்ளுமா? எக்ஸ் தூண்டுகோலன்று, தடைநீக்கி என்று கொண்டால் எல்லாம் பொருந்துகிறது. காவலன் தடுப்பது தனி வட்டங்களைத்தான். தடை இருக்கும் இடத்தில்தானே தடைநீக்கிக்கு வேலை!

இதில் எஞ்சும் ஒரு முடிச்சு சுவையானது. எக்ஸ் வைரஸ் துகளின் உடலில் இல்லை எனில், வட்டம் ஊமையாக்கப்படுமுன் முதல் எக்ஸ் எங்கிருந்து வருகிறது? நியூயார்க் ஆய்வாளர்கள் 2025இல் காட்டியதாவது: வைரஸ் வட்டத்தைச் செல்லின் ஹிஸ்டோன்கள் சுற்றிக்கொள்வதே எக்ஸ் மரபணுவின் முதல் படியெடுப்பைத் தொடங்கி வைக்கிறது. பொதுவாக ஹிஸ்டோன்கள் டி.என்.ஏ.வைச் சுருட்டி அடக்குவன. இங்கோ அடக்க வந்ததே தொடக்கமாகிவிட்டது.

அரசன் அன்று கொல்லாத நோய்

காவலனை இழந்த செல் உடனே மடிவதில்லை. வைரஸுக்குத் தேவை அது உயிரோடிருப்பதே. புதிய துகள்கள் வெளிவந்துகொண்டே இருக்கும். அவற்றோடு, உள்ளீடற்ற மேலுறை உருண்டைகள் ஆயிரம் மடங்குக்கும் மேலாக இரத்தத்தில் கலக்கும். பரிசோதனைக் கூடங்களில் எச்.பி.எஸ். ஆன்டிஜன் என்று தேடப்படுவது இம்மேலுறைப் புரதத்தைத்தான்.

ஆண்டுகள் பல சென்றபின் சிலருக்குக் கல்லீரல் சுருங்கி இறுகுகிறது, சிலருக்குப் புற்றுநோயாகிறது. டி.என்.ஏ. முறிவுகளைச் செப்பனிடுவதில் உதவும் எஸ்எம்சி 5/6 அழிக்கப்படுவதும் இதற்கொரு காரணமாகலாம் என ஆய்வாளர் கருதுகின்றனர். வைரஸின் துண்டுகள் செல்லின் குரோமோசோமில் பதிந்துவிடுவது மற்றொரு காரணம். புதுதில்லியிலுள்ள பன்னாட்டு மரபணுப் பொறியியல், உயிரித் தொழில்நுட்ப மையத்தில் விஜய்குமாரின் குழு எக்ஸ் புரதத்தை நெடுங்காலம் ஆராய்ந்தது. எக்ஸ் புரதத்தின் ஒரு பகுதியும் ‘மிக்’ என்னும் வளர்ச்சி மரபணுவும் சேர்ந்து இயங்கும் எலிகளில் கல்லீரல் புற்றுநோய் தோன்றுவதை அவர்கள் காட்டினர்.

இன்றுள்ள டெனோபோவிர், என்டகாவிர் மாத்திரைகள் வைரஸின் நொதியைத் தடுத்து, புதிய துகள்கள் உருவாவதை நிறுத்துகின்றன. கல்லீரல் சிதைவையும் புற்றுநோய் வாய்ப்பையும் அவை வெகுவாகக் குறைக்கின்றன. ஆனால் உட்கருவில் உறையும் வட்டத்தை அவை தொடுவதில்லை. எக்ஸ் புரதமும் தொடர்ந்து உருவாகும். ஆகவேதான் மருத்துவர் இம்மாத்திரைகளைப் பல்லாண்டுகள் உண்ணச் சொல்கின்றனர். தானாக நிறுத்தினால் நோய் சீறி எழும் என எச்சரிக்கின்றனர். ‘இத்தனை மாதம் உண்டும் வைரஸ் போகவில்லையே’ என்று மனம் சலித்து வேறு வைத்தியம் நாடுவோர், அது போகாமலிருப்பதன் காரணத்தை அறிந்தால் அச்சலிப்புக்கு இடமிராது.

எக்ஸ் அமரும் நாற்காலியையே பறிக்கும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. வயிற்றுப் பூச்சி, கிருமிகளுக்கு வழங்கப்படும் நிடாசாக்சனைட் என்னும் பழைய மருந்து எக்ஸ், டிடிபி-1 இணைப்பைத் தடுத்து, காவலனை மீளச் செய்வதாக ஜப்பானிய ஆய்வாளர்கள் 2019இல் அறிவித்தனர். அது ஆய்வுக்கூடச் செல்களில் கண்ட முடிவு. மருந்துக் கடையில் தாமாக வாங்கி உண்பதற்கு அதில் சான்று ஏதுமில்லை.

‘லாயக்கு’ என்னும் சொல்

சில ஆண்டுகளுக்கு முன், வளைகுடா நாடொன்றிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட இளைஞர் ஒருவரின் மருத்துவ அறிக்கையைப் படித்துச் சொல்லுமாறு அவர் தந்தையார் என்னிடம் கொண்டுவந்தார். அதில் ‘கைர் லாயிக்’ என்று அரபியில் எழுதியிருந்தது. அந்த ‘லாயிக்’தான் தமிழில் ‘லாயக்கு’ என வழங்குகிறது. நான் பொருள் சொல்லுமுன் அவருக்கே விளங்கிவிட்டது. ‘சிறுவயதில் காமாலை வந்தது, கீழாநெல்லியில் போய்விட்டதே ஹஜ்ரத்’ என்பதே அவர் திரும்பத் திரும்பக் கூறியது. மகனுக்குப் பேசியிருந்த சம்பந்தமும் அதன்பின் முறிந்தது. குடும்பத்தார் அவ்விளைஞரின் தட்டையும் குவளையையும் தனியே வைத்தனர்.

வேலைக்காக வளைகுடா செல்வோரின் மருத்துவச் சோதனையில் ஹெப்படைடிஸ்-பி கண்டால் தகுதியின்மை என்றே குறிக்கின்றனர். அது அந்நாடுகளின் குடியேற்ற விதி. அம்மனிதன் உழைக்கத் தகுதியற்றவன் என்ற மருத்துவத் தீர்ப்பாக அதைக் கொள்வது பெரும் அநியாயம். இவ்வைரஸ் ஒரே தட்டில் உண்பதாலோ, கைகுலுக்குவதாலோ, ஸலாம் சொல்லித் தழுவுவதாலோ, ஒரே ஹவுளில் ஒளுச் செய்வதாலோ பரவாது. அவ்வீட்டார் தட்டைப் பிரித்தனர். சவரக் கத்தியைப் பிரித்தார்களா என்று கேட்டேன். அதைப்பற்றி எவரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

உண்மையில் அஞ்ச வேண்டியது கத்தி, ஊசி போன்றவற்றையே. உடலுக்கு வெளியே, உலர்ந்த இரத்தத்துளியிலும், இவ்வைரஸ் குறைந்தது ஏழு நாள்கள் வீரியத்தோடிருக்கும். 2009இல் குஜராத்தின் மொடாசா நகரில் பயன்படுத்திய ஊசிகளை மீண்டும் பயன்படுத்தியதால் ஹெப்படைடிஸ்-பி பரவிப் பலர் உயிரிழந்ததை நாடறியும். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் எனப் பல மாநிலத்துத் தொழிலாளர் ஒரே அறையில் நெருங்கி வாழும் எங்கள் தொழிற்பகுதியில், ஒரு சவரக் கத்தியை நால்வர் பயன்படுத்துவது புதிதன்று. நம் சமுதாயத்திலோ கத்னா செய்யும் ஒஸ்தாவின் கத்தி, ஹிஜாமா செய்வோரின் பிளேடும் குவளையும், காதுகுத்தும் ஊசி ஆகியவற்றையும் எண்ணிப்பார்க்க வேண்டும். ஹஜ்ஜில் தலைமழிக்க ஒருமுறை மட்டுமே பயன்படும் பிளேடுகளைச் சவூதி அரசு வலியுறுத்துகிறது. தீங்கை அகற்றுதல் என்பதை அடிப்படை விதிகளுள் ஒன்றாகக் கொண்டவர் நம் ஃபிக்ஹு அறிஞர்கள். நம் ஊர் ஜமாஅத்துகள் ஒஸ்தாவிடமும் ஹிஜாமா செய்பவரிடமும் அதே நிபந்தனையை விதிப்பதற்குத் தனி ஃபத்வா எதுவும் தேவைப்படாது.

வைரஸ் தங்கியிருப்பவர் செய்ய வேண்டியது, இரத்தத்திலுள்ள வைரஸ் அளவையும் கல்லீரல் நிலையையும் மருத்துவரிடம் ஆண்டுதோறும் சோதித்துக்கொள்வதாகும். எல்லோருக்கும் உடனே மாத்திரை தேவைப்படுவதில்லை. தேவைப்படுவோர்க்கு, 2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்ட தேசியத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் சோதனையும் மருந்தும் இலவசம். மனைவி மக்கள் சோதித்துக்கொண்டு, தொற்று இல்லாதவர் மூன்று தவணைத் தடுப்பூசி போட்டுக்கொண்டால் இல்லறத்துக்கும் தடையில்லை. மணம் பேசுமுன் இதை மறைப்பது கூடாது. தெரிந்ததும் முறிப்பதற்கும் நியாயமில்லை.

தடுப்பூசியைப்பற்றி நம்மிடையே ஓர் ஐயம் உலவுகிறது. அது மனித இரத்தத்திலிருந்து எடுக்கப்படுகிறது என்பதே அது. இவ்வையத்துக்கு ஒரு காரணம் உண்டு. 1981இல் அமெரிக்காவில் முதலில் ஒப்புதல் பெற்ற தடுப்பூசி, வைரஸ் தங்கியவர்களின் இரத்த நீரிலிருந்து பிரித்துத் தூய்மைப்படுத்தப்பட்டதே. 1986 முதல் அம்முறைக்கு மாற்றாக, மேலுறைப் புரதத்தின் மரபணுவை ஈஸ்ட்டில் புகுத்தி வளர்த்தெடுக்கும் முறை வந்தது. ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம் 1997இல் இந்தியாவிலேயே அதைச் செய்து, அதன் விலையை எளியோர்க்கு எட்டச் செய்தது. இன்று நம் நாட்டில் குழந்தைகளுக்குப் போடப்படுவது ஈஸ்ட்டில் வளர்த்ததே. இரத்தம் அசுத்தம் என்னும் வாதத்துக்கு இதில் இடமில்லை.

இத்தடுப்பூசி வைரஸை வாயிலிலேயே மடக்குகிறது. வட்டம் உட்கருவில் அமர்ந்து, எக்ஸ் நாற்காலியைப் பிடித்துவிட்ட பின்னர் தடுப்பூசியால் ஆவது ஒன்றுமில்லை. அதனால்தான் குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போடப்பட வேண்டும் என்பது விதியாயிற்று. ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் போடப்படும் ஐந்நோய்த் தடுப்பூசியிலும் இம்மருந்து உண்டு. ஆயினும் தாயிடமிருந்து பிரசவத்தில் தொற்றியதை ஆறாம் வாரத்து ஊசி தடுக்க இயலாது. கருவுற்ற பெண்ணிடம் வைரஸ் இருப்பது முன்னரே தெரிந்தால், அவருக்கு மாத்திரையும் குழந்தைக்கு இம்யூனோகுளோபுலின் ஊசியும் அளித்து ஆபத்தை மேலும் குறைக்கலாம்.

எங்கள் எல்லைப் பகுதியில் ஓசூரில் வாழ்க்கைப்பட்ட பெண் தலைப்பிரசவத்துக்கு ஆனேக்கல், பெங்களூருப் பக்கத்துத் தாய்வீடு செல்வதும், அங்கிருந்து இங்கு வருவதும் இயல்பு. கர்ப்பகாலச் சோதனை ஒரு மாநிலத்தில், பிரசவம் மறு மாநிலத்தில் எனும்போது, தாயின் அட்டையிலுள்ள எச்.பி.எஸ். ஆன்டிஜன் முடிவு பிரசவ அறைக்குப் போய்ச் சேராமல் இருந்துவிடக் கூடும். அவ்வட்டையைப் பெண்ணின் பையில் வைத்தனுப்புவதும், குழந்தையின் காதில் பாங்கு சொல்லி வெளிவரும் பாட்டனார் பி.சி.ஜி.யோடும் போலியோ சொட்டு மருந்தோடும் ஹெப்படைடிஸ்-பி ஊசியும் போடப்பட்டு அட்டையில் தேதி குறிக்கப்பட்டதா என்று செவிலியரிடம் அன்றைக்கே கேட்டறிவதும் குடும்பத்தார் செய்ய வேண்டியவை.